கல்லுப்பட்டிக் கணக்கரும் நம் நீல டிரம்மும்

ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் நிற்கும் நீல டிரம்மை உங்களில் பாதிப் பேர் பார்த்திருப்பீர்கள். மீதிப் பேர் முகர்ந்திருப்பீர்கள். சமையலறைக் கழிவில் உரம் செய்வது பற்றி ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு, மூன்று வருடங்களுக்கு முன் அதை வாங்கி, அடியில் குழாய் மாட்டி வைத்தவன் நான்தான். பதினெட்டாம் நாள் பி பிளாக் முதல் மாடியிலிருந்து புகார் வந்தது. இருபத்தைந்தாம் நாள் செக்யூரிட்டி அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "சார், நைட்ல அந்தப் பக்கம் உக்கார முடியல" என்றார். நான் மூடியை இன்னும் இறுக்கி மூடினேன். அது எவ்வளவு பெரிய தப்பு என்று அப்போது தெரியாது.

வரும் பொதுக்குழுவில் மக்கும் குப்பையை நாமே உரமாக்குவதா, மாதாமாதம் பணம் கொடுத்து வெளியே அனுப்பிவிடுவதா என்று பேசப்போகிறோம். கை தூக்குவதற்கு முன் உங்களுக்கு ஒரு பழைய கதையைச் சொல்ல வேண்டும். அதில் வருகிறவர் நம் ஊரிலிருந்து திருமங்கலம் தாண்டி, ராஜபாளையம் போகும் சாலையில் இருக்கிற டி.கல்லுப்பட்டியில் கடைசிக் காலத்தைக் கழித்தவர். தொழிலால் கணக்குத் தணிக்கையாளர். இன்று 'ஈகோ ஃபிரண்ட்லி' என்று நாம் சொல்லிக்கொள்வதை எண்பது, தொண்ணூறு வருடங்களுக்கு முன்பே விளக்கு, அடுப்பு, அரிசி, எரு என்று ஒவ்வொன்றாகக் கணக்குப் பார்த்தவர். ஜே.சி.குமரப்பா.

அவரிடம் போகும் முன் மதுரையிலேயே நடந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோலுக்குக் கடும் தட்டுப்பாடு. டி.வி.சுந்தரம் ஐயங்காரின் பஸ்கள் ஓடியாக வேண்டும். அவர் கரியிலிருந்து வாயு எடுக்கும் கருவியைத் தயாரித்து பஸ்களை ஓட்டினார். உத்தி எளிமையானதுதான். ஓர் உருளையில் மரக்கரியைப் போட்டு, போதாத காற்றில் எரிய விட்டால் அது முழுதாக எரியாமல் கார்பன் மோனாக்சைடு வாயுவைத் தரும். அதைக் குளிரவைத்து, வடிகட்டி, எஞ்சினுக்குள் விட்டால் பெட்ரோல் செய்யும் வேலையை அது செய்யும், கொஞ்சம் முக்கி முனகியபடி. (இதை யாரும் மொட்டைமாடியில் செய்து பார்க்க வேண்டாம். அந்த வாயுவுக்கு வாசனையே கிடையாது, ஆளைக் கொன்றுவிடும்.) போர் முடிந்து பெட்ரோல் தாராளமாகக் கிடைக்கத் தொடங்கியதும் கரிவாயு வண்டிகள் உலகெங்கும் மறைந்துபோயின. தட்டுப்பாடு இருந்தவரை புத்தி வேலை செய்தது, தட்டுப்பாடு போனதும் அந்தப் புத்தியும் கிடப்பில் போய்விட்டது. குமரப்பா இங்கேதான் வேறுபடுகிறார். கடையில் மண்ணெண்ணெய் தாராளமாகக் கிடைத்த காலத்திலேயே அவர் விளக்கை மாற்றச் சொன்னார்.

1892 ஜனவரி 4 அன்று தஞ்சாவூரில் பிறந்தவர் அவர். அப்போது வைத்த பெயர் ஜோசப் செல்லதுரை கார்னீலியஸ். லண்டனில் கணக்கியல் படித்து, பம்பாயில் தணிக்கை நிறுவனம் நடத்தி, நல்ல வருமானத்தோடு கோட்டும் சூட்டுமாக வாழ்ந்தவர். 1927-ல் அமெரிக்கா போனார். முதலில் சிரக்யூஸ் பல்கலைக்கழகம், பிறகு நியூயார்க்கின் கொலம்பியா. அங்கே அரசு நிதி பற்றிய ஆய்வுக்காக, இந்தியா ஏன் ஏழையாக இருக்கிறது என்று வரி, செலவுக் கணக்குகளைத் தோண்டத் தொடங்கினார். தோண்டத் தோண்ட, நாட்டின் வறுமைக்கும் ஆள்கிறவர்கள் எழுதுகிற கணக்குக்கும் தொடர்பு தெரிந்தது. ஊர் திரும்பியபோது குடும்பத்தின் பழைய பெயரான குமரப்பாவை எடுத்துக்கொண்டார்.

1929 மே மாதம் அந்த ஆய்வோடு சபர்மதி ஆசிரமத்துக்குப் போனார். மரத்தடியில், சாணி மெழுகிய தரையில் ஒரு கிழவர் நூல் நூற்றுக்கொண்டிருந்தார். அவர்தான் காந்தி என்று புரிந்ததும், இஸ்திரி போட்ட பட்டுக் கால்சட்டையோடு இவரும் அந்தத் தரையிலேயே உட்கார்ந்தார். ஆய்வு 'யங் இந்தியா'வில் தொடராக வந்தது. பம்பாய் நிறுவனத்தின் வாடிக்கையாளர்கள் தங்கள் ஆடிட்டரை இழந்தார்கள்.

ஆனால் ஆடிட்டர் ஆடிட்டராகவேதான் இருந்தார். 1934 ஜனவரியில் பீகாரில் பெரும் பூகம்பம் வந்தது. ராஜேந்திர பிரசாத் தலைமையில் நடந்த நிவாரணப் பணியின் கணக்கு குமரப்பாவிடம் வந்தது. தொண்டர் ஒருவருக்குச் சாப்பாட்டுச் செலவு நாளைக்கு மூன்றணா என்று வரம்பு வைத்தார். காந்தி தன் குழுவினரோடு வந்தபோது, அவர்களுடைய செலவை நிவாரண நிதியில் எழுத முடியாது என்று சொல்லிவிட்டார். காந்திக்கே அந்தப் பதில் என்றால், நம் அசோசியேஷன் வவுச்சர்களை அவரிடம் கொடுத்தால் என்ன ஆகும் என்று நான் சில சமயம் நினைத்துப் பார்ப்பதுண்டு.

அதே 1934 டிசம்பரில் அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கம் தொடங்கியது. குமரப்பா அதன் செயலாளர். வார்தாவில் ஜம்னாலால் பஜாஜ் கொடுத்த வீடும் தோட்டமும் அதன் தலைமையிடம் ஆயிற்று. மகன்வாடி என்று அதற்குப் பெயர். இது நம் தமிழ் 'மகன்' இல்லை. காந்தியின் உறவினரும், கதர் வேலையில் அவருக்கு வலக்கையாக இருந்தவருமான மகன்லால் காந்தியின் நினைவாக வைத்த பெயர். எண்ணெய்ச் செக்கு, கைக்காகிதம், தேனீ வளர்ப்பு, வெல்லம், சோப்பு, மாவு அரைக்கும் திரிகை என்று அங்கே ஒவ்வொன்றையும் பிரித்துப் போட்டு, ஏன் இப்படி இருக்கிறது, எப்படி மேம்படுத்தலாம் என்று செய்து பார்த்தார்கள்.

அங்கே பிறந்த ஒரு பொருள் எனக்கு மிகவும் பிடித்தது. மகன் விளக்கு.

அந்தக் காலத்து அரிக்கேன் விளக்கை உங்களில் மூத்தவர்கள் துடைத்திருப்பீர்கள். கரண்ட் போகாத வீட்டில் வளர்ந்த பிள்ளைகள் அதை ஹோட்டல் அலங்காரமாகத்தான் பார்த்திருப்பார்கள். அது எரிவது மண்ணெண்ணெயில். மண்ணெண்ணெய் கம்பெனிக்காரன் விற்பது. விளக்கில் தீரும் ஒவ்வொரு சொட்டுக்கும் கிராமத்திலிருந்து காசு வெளியே போகிறது, திரும்பி வருவதில்லை. அதே கிராமத்தில் வேப்பங்கொட்டையும் புங்கங்கொட்டையும் மரத்தடியில் கொட்டிக் கிடக்கின்றன. செக்குக்காரருக்கு வேலை இல்லை. அந்த எண்ணெயை ஏன் அரிக்கேனில் ஊற்றக் கூடாது?

ஊற்றினால் எரியாது, அதுதான் சிக்கல். மண்ணெண்ணெய் நீர்த்தது, நீளமான திரியில் சரசரவென்று ஏறிவிடும். தாவர எண்ணெய் கெட்டி, கொஞ்ச தூரம் ஏறுவதற்குள் களைத்துவிடும். நம் அகல் விளக்கு ஏன் தட்டையாக இருக்கிறது என்று யோசித்திருக்கிறீர்களா? எண்ணெய் மட்டம் சுடருக்கு ஒட்டியே இருக்க வேண்டும், அதனால்தான். ஆனால் அகல் காற்றில் அணையும், கையில் தூக்கிப் போனால் சிந்தும், புகையும். அரிக்கேன் மாதிரி கண்ணாடியோடு, தூக்கிப் போகக்கூடியதாக, ஆனால் தாவர எண்ணெயில் எரியக்கூடியதாக ஒரு விளக்கு வேண்டும். அப்படி உருவாக்கியதுதான் மகன் விளக்கு.

இதைப் படித்த அன்று என் பேத்தியோடு ஒரு சோதனை செய்தேன். ஒரே நீளத்தில் இரண்டு பருத்தித் திரி. ஒரு கிண்ணத்தில் தேங்காய் எண்ணெய், இன்னொன்றில் விளக்கெண்ணெய். திரிகளின் மேல்முனையை ஒரு கம்பியில் கட்டித் தொங்கவிட்டு, கீழ்முனை மட்டும் எண்ணெயில் முங்கும்படி வைத்தோம். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை எண்ணெய் எதுவரை ஏறியிருக்கிறது என்று ஸ்கேலால் அளந்து எழுத வேண்டியது அவள் வேலை. தேங்காய் எண்ணெய் விறுவிறுவென்று முன்னால் போக, விளக்கெண்ணெய் நகர்வதாகவே தெரியவில்லை. "தாத்தா, பேரு மட்டும் விளக்கெண்ணெய்!" என்றாள். தீ பற்ற வைக்காமல் செய்யக்கூடிய சோதனை, செலவு பத்து ரூபாய்கூட ஆகாது. உங்கள் வீட்டிலும் செய்து பாருங்கள். மார்கழிக் குளிரில் தேங்காய் எண்ணெய் உறைந்துவிட்டால் போட்டி தலைகீழாகும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

விளக்கைப் போலவேதான் மற்றவையும். ஆலையில் தீட்டிய வெள்ளை அரிசியில் தவிடு போய்விடுகிறது, தவிட்டோடு சத்தும் போய்விடுகிறது, கைக்குத்தல் அரிசியைச் சாப்பிடுங்கள் என்றார்கள். சமையலறையில் பெண்கள் கண் எரிய இருமுவதைப் பார்த்து, புகையை வெளியேற்றும் மகன் அடுப்பு வந்தது. சுதந்திரத்துக்குப் பின் ஐதராபாத்தில் எஸ்.பி.ராஜு என்ற பொறியாளர் புகையில்லா அடுப்பைச் செய்து 1953-ல் அதைப் பற்றிச் சிறு நூலும் எழுதினார். ஒரு குழாயை வைத்தால் புகை மேலே போகும் என்ற எளிய விஷயம் பல கோடி சமையலறைகளுக்குப் போய்ச் சேர எத்தனை பத்தாண்டுகள் ஆயின என்று நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

இதே காலத்தில் தமிழ்நாட்டில் ஏகாம்பரநாதன் என்பவர், மில்லில் நூல் நூற்கும் உத்தியைச் சிறிய மரச் சட்டத்துக்குள் கொண்டுவந்து, ஒரே சமயத்தில் பல கதிர்களில் நூற்கும் ராட்டையைச் செய்தார். மேம்பட்ட ராட்டைக்கு ஒரு லட்ச ரூபாய் பரிசு என்று 1929-லேயே நூற்போர் சங்கம் அறிவித்திருந்தது. அன்றைய லட்சம்! யாருக்கும் அது கிடைக்கவில்லை. பரிசுக்காலம் முடிந்து வெகுநாள் கழித்து வந்த இவருடைய ராட்டைக்குத்தான் இவர் பெயரின் பாதியைச் சேர்த்து 'அம்பர் சர்க்கா' என்று பெயர் வைத்தார்கள். கதர்க் கடைகளுக்கு வரும் நூலில் பெரும்பங்கு அந்த வகை ராட்டையில் நூற்றதுதான்.

குமரப்பாவுக்குத் திரும்புகிறேன். 1942 போராட்டத்தை ஒட்டிச் சிறைக்குப் போனவர் ஜபல்பூர் சிறையில் உட்கார்ந்து ஒரு புத்தகம் எழுதினார். 1945-ல் வெளிவந்தது. நிலைத்து நிற்கும் பொருளாதாரம் எது என்பதுதான் அதன் பொருள். அதில் அவர் உயிர்களை வைத்துப் பொருளாதாரத்தைப் பிரிக்கிறார். புலி ஆட்டைக் கொன்று தின்கிறது. குரங்கு தான் நடாத தோப்பில் மாம்பழம் பறிக்கிறது. பறவை தன் உழைப்பில் தனக்கென்று கூடு கட்டுகிறது. தேனீ தன் கூட்டத்துக்காகச் சேர்க்கிறது. தாய்ப்பறவை எதையும் எதிர்பார்க்காமல் குஞ்சுக்கு ஊட்டுகிறது. இந்த ஐந்தில் நம் அடுக்ககம் எங்கே இருக்கிறது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். வைகைத் தண்ணீரும் நிலத்தடி நீரும் உள்ளே வருகின்றன, காய்கறி உள்ளே வருகிறது, வெளியே போவது குப்பையும் கழிவு நீரும். எனக்கென்னவோ தோப்பில் புகுந்த ஆள்தான் கண்ணாடியில் தெரிகிறார்.

இன்னொரு பிரிவும் அவர் சொன்னார். நிலக்கரி, பெட்ரோலியம், கனிமம் எல்லாம் தேக்கி வைத்த சொத்து, எடுக்க எடுக்கக் குறையும். மரம், பயிர், எரு, ஓடும் நீர் எல்லாம் ஓட்டத்தில் இருக்கிற சொத்து, முறையாக எடுத்தால் மறுபடி வரும். தேக்கம் என்றதும் நம் ஊர்க் கண்மாயை நினைத்துவிடாதீர்கள். கண்மாய் அடுத்த ஐப்பசி மழையில் நிரம்பும், எண்ணெய்க் கிணறு நிரம்பாது. பிரிட்டனில் நிலக்கரி வாரியத்தில் பொருளியல் ஆலோசகராக இருந்த ஷூமாக்கர் 1973-ல் 'சிறியதே அழகு' என்ற புகழ்பெற்ற நூலை வெளியிட்டார். அதில் குமரப்பாவை மேற்கோள் காட்டுகிறார். உலகம் ஷூமாக்கரைப் படித்தது. நம்மில் எத்தனை பேர் குமரப்பாவைப் படித்திருக்கிறோம்?

சுதந்திரத்துக்குப் பிறகு டில்லியின் போக்கு அவருக்கு ஒத்துவரவில்லை. பெரிய அணை, பெரிய ஆலை என்று பேசுகிறவர்களோடு சண்டை போட்டார். வார்தா பக்கம் செல்டோ என்ற கிராமத்தில் சில காலம் ஓர் ஆசிரமம் நடத்தினார். மகாராஷ்டிரத்தில் இருந்தாலும் அதற்கு அவர் வைத்த பெயர் 'பண்ணை ஆசிரமம்'. உடம்பு தளர்ந்ததும் கல்லுப்பட்டிக்கு வந்தார். அங்கே கோ.வேங்கடாசலபதி 1940-ல் தொடங்கிய காந்தி நிகேதன் ஆசிரமம் இருந்தது. 1950-களில் அதன் வளாகத்தில் ஒரு சிறு குடிலில் குமரப்பா வாழ்ந்தார். சுவரில் காந்தி படத்தோடு ஓர் ஏழை விவசாயியின் படமும் இருந்ததாம். இவர் என் குரு, அவர் என் குருவுக்குக் குரு என்று வந்தவர்களிடம் சொல்வாராம். 1960 ஜனவரி 30 அன்று மறைந்தார். காந்தி மறைந்த அதே தேதி, பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து.

இப்போது டிரம்முக்கு வரலாம். என் டிரம் ஏன் நாறியது என்பதற்கான பதிலும் அதே காலத்து ஆள் ஒருவரிடம்தான் இருக்கிறது. ஆல்பர்ட் ஹோவர்ட். 1905-ல் பீகாரின் பூசா வேளாண் நிலையத்துக்குத் தாவரவியலாளராக வந்த ஆங்கிலேயர். இந்திய விவசாயிக்குக் கற்றுக்கொடுக்க வந்தவர், விவசாயிகளையும் பூச்சிகளையும் தன் பேராசிரியர்கள் என்று சொல்லிக்கொள்ளும் அளவுக்கு மாறிப்போனார். 1924 முதல் 1931 வரை இந்தூரில் இருந்தபோது, சருகு, தட்டை, சாணம், மாட்டு மூத்திரம் ஊறிய மண், சாம்பல் இவற்றை அடுக்கடுக்காகப் போட்டு, குறிப்பிட்ட நாட்களில் மூன்று முறை புரட்டி, மூன்று மாதத்தில் எருவாக்கும் முறையை வகுத்தார். யஷ்வந்த் வாட் என்ற இந்திய வேதியியலாளர் அவரோடு சேர்ந்து உழைத்தார். 1931-ல் இருவர் பெயரிலும் நூல் வந்தது. 'இந்தூர் முறை' என்று உலகமே அதைச் சொல்கிறது. காந்தி 1935-ல் இந்தூர் போனபோது அந்த நிலையத்தைப் போய்ப் பார்த்தார். கிராமத் தொழில் சங்கம் தொடங்கிச் சில மாதங்களே ஆகியிருந்த நேரம் அது.

எரு செய்வது நம் விவசாயிகளுக்குப் புதிதா என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. வீட்டுக்கு வீடு எருக்குழி இருந்த நாடு இது. ஹோவர்ட் செய்தது அளவு கண்டது. நுண்ணுயிர்களுக்குக் கார்பனும் வேண்டும், நைட்ரஜனும் வேண்டும். ஒரு பங்கு நைட்ரஜனுக்கு ஏறக்குறைய முப்பது பங்கு கார்பன் இருந்தால் குவியல் நன்றாக வேகும். காய்கறித் தோலில் நைட்ரஜன் அதிகம், தண்ணீரும் அதிகம். காய்ந்த இலையில் கார்பன் அதிகம். நான் என்ன செய்தேன்? இருபது வீட்டுக் காய்கறித் தோலையும் மிச்சச் சாம்பாரையும் கொட்டினேன். சருகு ஒரு கைப்பிடிகூடப் போடவில்லை. தண்ணீர் சேர்ந்து, இடைவெளி அடைந்து, காற்று போகவில்லை. காற்றில்லாத இடத்தில் வேலை செய்கிற கிருமிகள் வேறு வகை, அவை விடுகிற வாயுதான் அழுகிய முட்டை நாற்றம். அதைத் தடுக்க நான் மூடியை இறுக்கினேன், மிச்சமிருந்த காற்றும் போயிற்று. செக்யூரிட்டி அண்ணனிடம் அன்றே மன்னிப்புக் கேட்டேன், காரணத்தை இப்போதுதான் சொல்கிறேன்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஹோவர்ட் கோடையில் குழியிலும் மழைக்காலத்தில் தரைக்கு மேல் குவியலாகவும் செய்யச் சொன்னார். குழியில் மழைநீர் தேங்கினால் எரு அழுகிவிடும். மதுரைக்கும் அது பொருந்தும். சித்திரை, வைகாசியில் குவியல் காய்ந்து வேலை நிறுத்தம் செய்யும், தண்ணீர் தெளிக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் மேலே தகரமோ தார்ப்பாயோ இல்லாவிட்டால் என் டிரம் கதைதான். பிழிந்த துணி மாதிரி ஈரம் இருந்தால் சரி. கையில் எடுத்துப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு வரலாம், ஒழுகக் கூடாது.

தனி வீட்டுக்காரரை விட நமக்கு ஒரு வசதியும் உண்டு. ஒரு வீட்டின் குப்பை ஒரு நாளைக்கு ஒரு கிண்ணம்தான், சின்னத் தொட்டியில் சூடு நிற்காது. குவியல் ஒரு மீட்டர் நீள, அகல, உயரமாவது இருந்தால்தான் உள்ளே அறுபது டிகிரி வரை சூடு ஏறும். அந்தச் சூட்டில்தான் களை விதையும் நோய்க் கிருமியும் சாகும். அத்தனை குப்பை ஒரு வீட்டால் முடியாது, அடுக்ககத்தால் முடியும். 'பிளாட்டில் எங்கே சார் உரம்' என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான்: பிளாட்டில்தான் உரம்.

சட்டமும் இதைத்தான் சொன்னது. 2016-ல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள், 5,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட வளாகக் குடியிருப்புகள் குப்பையைப் பிரித்து, மக்கும் பகுதியை முடிந்தவரை தங்கள் வளாகத்திலேயே உரமாக்கவோ எரிவாயு எடுக்கவோ வேண்டும் என்றன. நாம் பிரிக்காமல் அனுப்புவது எங்கே போகிறது என்று தெரியாதவர்கள், அவனியாபுரம் வெள்ளக்கல் பக்கம் ஒரு முறை போய்வாருங்கள். அங்கேயும் குடியிருக்கிறவர்கள் இருக்கிறார்கள். மாதாமாதம் பணம் கொடுத்து வெளியே அனுப்பும் யோசனையில் அவர்களுடைய செலவு எந்தக் கட்டத்தில் எழுதப்பட்டிருக்கிறது? குமரப்பா முதலில் அதைத்தான் கேட்டிருப்பார்.

அந்தக் கேள்வியை எல்லா வீட்டுச் சோதனைகளுக்கும் போட்டுப் பார்க்கலாம். பொருள் எங்கிருந்து வருகிறது, காசு யாருக்குப் போகிறது, மிச்சம் எங்கே போகிறது. போன ஆண்டு நம் பிள்ளைகள் கொலுவுக்குத் தண்ணீர் பாட்டிலில் பெயின்ட் அடித்துத் தொங்கவிட்டார்கள். அழகாகத்தான் இருந்தது. ஆனால் அதற்காகப் புதிதாகப் பாட்டில் தண்ணீர் வாங்கியவர்களை எனக்குத் தெரியும், பெயர் சொல்ல மாட்டேன். பெயின்ட் அடித்த பாட்டிலைப் பழைய பேப்பர்க்காரரும் எடுக்கவில்லை. கணக்கு இடித்தது. ஏ பிளாக் மாமி ஆரஞ்சுத் தோலைக் காயவைத்து நாட்டுச் சர்க்கரையோடு ஊறவைத்துத் தரை துடைக்கும் நீர் செய்கிறார். மூன்று மாதம் பொறுமை வேண்டும், தினம் ஒரு முறை மூடியைத் திறந்து வாயுவை விடாவிட்டால் பாட்டில் வெடிக்கும். ஆனால் தோல் ஏற்கெனவே வீட்டில் இருப்பது, காசு வெளியே போகவில்லை, மிச்சமும் குவியலுக்குப் போகிறது. கணக்கு நிற்கிறது.

பிளாஸ்டிக்கை மட்டும் இந்த ஆட்டத்தில் சேர்க்க வேண்டாம். பையை வாணலியில் உருக்கிக் கல் செய்யும் வீடியோக்கள் சுற்றுகின்றன. நம் திருப்பரங்குன்றம் தியாகராசர் பொறியியல் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் ரா.வாசுதேவன் பிளாஸ்டிக் சாலையைக் கண்டுபிடித்து 2018-ல் பத்மஸ்ரீ பெற்றதை அறிவீர்கள். அவர் முறையில் நொறுக்கிய பிளாஸ்டிக்கை 170 டிகிரி வாக்கில் சூடான ஜல்லியின் மேல் தூவுகிறார்கள். அது உருகி ஜல்லியில் பூச்சாகப் படிகிறது, பிறகு தார் சேர்கிறது. ஒற்றை வழிச் சாலை ஒரு கிலோமீட்டருக்கு ஒரு டன் அளவு பிளாஸ்டிக் உள்ளே போகும். அளந்த சூடு, தெரிந்த பிளாஸ்டிக், திறந்த வெளி. நம் அடுப்பில் இந்த மூன்றும் கிடையாது. என்ன பிளாஸ்டிக் என்றே தெரியாமல் சூடாக்கி அதன் புகையைக் குழந்தைகள் முகத்தில் விடுவதைச் சுற்றுச்சூழல் சேவை என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை. கழுவிக் காயவைத்துத் தனிப் பையில் கொடுங்கள், அது போதும்.

பொதுக்குழுவில் நான் வைக்கப்போகும் யோசனை எளியது. நீல டிரம்மை எடுத்துவிடலாம், அதில் மழைநீர் பிடித்துக்கொள்ளட்டும். பம்ப் ரூமுக்குப் பின்னால் செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்கி, மூன்றடிக்கு மூன்றடியில் மூன்று தொட்டி, மேலே தகரக் கூரை. ஒன்று நிரம்ப, ஒன்று வேக, ஒன்று காலியாக. ஒரு வாளி ஈரக் குப்பைக்கு இரண்டு வாளி சருகு. சமைத்த எண்ணெய்ச் சோறு, அசைவ எலும்பு இப்போதைக்கு வேண்டாம். புரட்டும் வேலைக்கு ஆள் கூலி உண்டு, அதைக் கணக்கில் முன்கூட்டியே எழுதிவிட வேண்டும். 'வாலண்டியர் பார்த்துக்கொள்வார்' என்று எழுதினால் நானும் என் டிரம்மும்தான் மறுபடி. முதல் மூன்று மாதம் ஏ பிளாக் மட்டும். நாற்றம் வந்தால் செக்யூரிட்டி அண்ணன் சொல்வதே தீர்ப்பு.

ஒரே ஒரு தடை சருகுதான். மாசி, பங்குனியில் நம் வளாகத்து வேம்புகள் மூன்றும் இலை உதிர்க்கும். வருடா வருடம் அதைக் கூட்டி மதில் ஓரம் கொளுத்திவிடுகிறோம். அந்தப் புகைக்குத்தான் இரண்டாம் மாடி ஜன்னல்களைச் சாத்துகிறீர்கள். இந்த முறை கொளுத்த வேண்டாம் என்று துப்புரவு அக்காவிடம் சொல்லியிருக்கிறேன். கட்டி வைக்கச் சாக்கு வேண்டும், குறைந்தது இருபது. அரிசிச் சாக்கு இருந்தால் உதறி, சி பிளாக் படிக்கட்டுக்கு அடியில் வைத்துவிடுங்கள்.